எத்தனை தம்பி? கொமாவைக் கேளுங்கோ



போன எபிசோட்டில், வேலையில் டிக்கெட் எழுதுவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு கதையைத் தொடங்கிப்போட்டு, நேரம் முடிஞ்சுபோச்சு எண்டு பாதியில விட்டிட்டேன். அதை இங்கே முடிக்கிறேன். கதை ஒரு சேர்வரில் தொடங்கி, நியூ பிரன்சுவிக் மாகாணத்துக் கம்பங்களைச் சுற்றிப்போட்டு, கடைசியில் எங்கட அம்மா எழுதச் சொன்ன ஒரு கடிதத்தில்தான் வந்து நிற்கும். கொஞ்சம் பொறுமையா வாங்கோ.

ஆங்கில உதாரணங்களையும் வழமைபோலத் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன். வாய்விட்டு வாசியுங்கோ. இந்த விசயத்துக்கு அது உதவியும் செய்யும்.

நான் கொன்ட்ராக்ட் வேலைக்காரன். ஆறு மாதம் ஒரு இடம், எட்டு மாதம் இன்னொரு இடம். சில வருடங்களுக்கு முதல் டவுன்டவுனில் ஒரு நிறுவனத்தில் கிளவுட் செலவைக் குறைக்கிற வேலை. பழைய ஸ்னாப்ஷொட்டுகள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. அவற்றில் சிலவற்றுக்கு டாக் போட்டிருந்தார்கள். அவை ஓடிட்டுக்கு வேண்டியவை, தொடக்கூடாது. டாக் இல்லாத பழையவற்றை மட்டும் அழிக்கலாம். இதைத்தான் நான் டிக்கெட்டில் எழுத நினைத்தேன். எழுதினது இது:

“ஓல்ட் ஸ்னாப்ஷொட்ஸ், விச் ஆர் நொட் டாக்ட், கான் பி டிலீட்டட்.”

இரண்டு கொமா. அடுத்த ஷிஃப்டில் இருந்தவர் நான் எழுதினதை எழுதினபடியே வாசித்தார்: “பழைய ஸ்னாப்ஷொட் எல்லாத்தையும் அழிக்கலாம். அவற்றுக்கு டாக் இல்லை எண்டது ஒரு உபரித் தகவல்.” எல்லாவற்றையும் அழித்தார். அவரில் பிழை இல்லை. ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு அதுதான் அர்த்தம்.

இன்னொரு ரீஜனில் பிரதி இருந்ததால் இரண்டு நாளில் மீட்டெடுத்தோம். அந்த இரண்டு நாளும் நான் வீட்டுக்குப் போனது குளிக்க மட்டும்தான். என்ர கொன்ட்ராக்ட் அதுக்குப் பிறகு நீடிக்கப்படேல்லை. கொமாவாலதான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டினம்.

நான் ஏன் அந்தக் கொமாக்களைப் போட்டேன்? மூச்சு விட்டதால. சின்ன வயதில் அப்பா ஆங்கிலம் சொல்லித் தந்தபோது, “வாசிக்கேக்க எங்க மூச்சு விடுறியோ அங்க கொமா போடு” எண்டு சொன்னவர். உங்களில் கன பேருக்கும் இப்படித்தான் சொல்லித் தந்திருப்பினம். பாதி நேரம் இது வேலையும் செய்யும். மீதிப் பாதி நேரம் ஸ்னாப்ஷொட் அழியும்.

சரி, ரூல் என்ன? உங்களுக்கு எஸ்கியூஎல் தெரியும் எண்டால் ஒரு வரியில் சொல்லலாம். கொமா இல்லாத துணைவாக்கியம் ஒரு வெயர் கண்டிஷன். கொமாக்களுக்குள் இருக்கிற துணைவாக்கியம் வெறும் கொமென்ட். வெயர் கண்டிஷன் இருந்தால், இருக்கிற கூட்டத்தில் எந்தப் பகுதி எண்டு அது பிரித்தெடுக்கும். கொமென்டை எடுத்துவிட்டாலும் புரோகிராம் அப்படியே ஓடும். நான் செய்தது, டிலீட் கட்டளையில் வெயர் பகுதியைக் கொமென்ட் ஆக்கிவிட்டு என்டரைத் தட்டினதுதான். வெயர் இல்லாத டிலீட் என்ன செய்யும் எண்டு சொல்லத் தேவையில்லை.

மனிதர்களை வைத்துப் பார்த்தால் இன்னும் லேசாக விளங்கும். “மை வைஃப், ஹூ வேர்க்ஸ் இன் ஸ்காபரோ, இஸ் எ நர்ஸ்.” ஒரு மனிசி, அவ ஸ்காபரோவில் வேலை செய்யிறா, நல்லது. இப்போது கொமா இரண்டையும் எடுத்துவிடுங்கோ. “மை வைஃப் ஹூ வேர்க்ஸ் இன் ஸ்காபரோ இஸ் எ நர்ஸ்.” பிராம்டனில் இன்னொரு மனிசி இருக்கிறா எண்டு கேட்கிறவருக்கு விளங்கும். எழுத்தெல்லாம் அதே எழுத்துத்தான். வாய்விட்டு வாசித்தால் முதலாவதில் குரல் இரண்டு இடத்திலும் கொஞ்சம் இறங்கி நிற்கும். இரண்டாவதில் நிற்காமல் ஓடும். அப்பாவின் மூச்சுக் கணக்கு முழுப் பிழையும் இல்லை. ஆனால் மூச்சு எங்கே விடுகிறோம் என்பதை நுரையீரல் தீர்மானிக்கக் கூடாது.

இந்தக் கொமாக்கள் சோடியாகத்தான் வரும், அடைப்புக்குறி மாதிரி. திறந்தால் மூட வேண்டும். இரண்டாவதை மறந்தாலும் ஆங்கிலம் எரர் காட்டாது. வேறு எதையோ அர்த்தம் பண்ணிக்கொண்டு பேசாமல் ஓடும். அதுதான் பயம். அதுக்கு இந்த ஊரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

உங்களில் பாதிப் பேரின் வீட்டு இன்டர்நெட் ரொஜர்ஸாகத்தான் இருக்கும். தலைமை அலுவலகம் இங்கே ரொறன்ரோவில், புளோர் வீதியில். 2002 இல் அவர்கள் அலியன்ட் என்ற கிழக்குக் கனடாத் தொலைபேசிக் கொம்பனியுடன் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். நியூ பிரன்சுவிக்கில் சுமார் 91,000 கம்பங்களில் ரொஜர்ஸ் தன் கேபிளைக் கொளுவலாம். ஒரு கம்பத்துக்கு வருடத்துக்கு 9.60 டொலர். 14 பக்க ஒப்பந்தம். அதில் காலத்தைப் பற்றிய வாக்கியத்தைத் தமிழில் துண்டு துண்டாகச் சொன்னால் இப்படி இருக்கும், ஆங்கிலத்தில் இருந்த அதே ஒழுங்கில்:

(அ) இந்த ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு நடைமுறையில் இருக்கும் – கொமா – (ஆ) அதன் பிறகும் ஐந்தைந்து வருடமாகத் தொடரும் – கொமா – (இ) இரு தரப்பில் ஒருவர் ஒரு வருட முன்னறிவிப்புக் கொடுத்து முடிக்காவிட்டால்.

2005 தொடக்கத்தில் அலியன்ட், ஒப்பந்தத்தை முடிக்கிறோம், வாடகை கூடப்போகிறது என்று அறிவித்தது. கம்பத்துக்கு 28.05 டொலர் வரைக்கும் போகலாம் என்ற நிலை. ரொஜர்ஸ் திகைத்துப்போனது. ஐந்து வருடம் இன்னும் முடியவில்லையே! அவர்கள் விளங்கிக்கொண்டது, (இ) என்ற நிபந்தனை (ஆ)-வோடு மட்டும் சேரும் என்று. முதல் ஐந்து வருடம் அசைக்கேலாது. அதுக்குப் பிறகு வருகிற புதுப்பிப்பைத்தான் முன்னறிவிப்புக் கொடுத்து நிறுத்தலாம்.

அலியன்ட் இரண்டாவது கொமாவைக் காட்டியது. அந்தக் கொமா (ஆ)-வை மூடிவிடுகிறது. (ஆ) இரண்டு கொமாக்களுக்குள் அடைபட்ட இடைச்செருகல் மாதிரி ஆகிவிட்டது. அதைத் தூக்கிவிட்டு வாசித்தால், “ஒப்பந்தம் ஐந்து வருடம் இருக்கும், ஒரு வருட முன்னறிவிப்புக் கொடுத்து முடிக்காவிட்டால்.” ஆகவே முன்னறிவிப்பு முதல் ஐந்து வருடத்துக்கும் பொருந்தும், எப்போதும் முடிக்கலாம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மேல்வகுப்பு வரைக்கும் போனவர்களுக்குத் தீவக அணி ஞாபகம் இருக்கலாம். தீவகம் என்றால் விளக்கு. ஒரு சொல் ஓரிடத்தில் நின்று, செய்யுளில் பல இடங்களுக்கு வெளிச்சம் அடிக்கும். கடைசியில் நின்று முன்னால் உள்ள எல்லாவற்றுக்கும் அடித்தால் அது கடைநிலைத் தீவகம். தண்டியலங்காரத்தில் இருக்கிறது, அப்போது சோதனைக்காகப் பாடமாக்கிப்போட்டு மறந்த விசயம். அலியன்ட் சொன்னது, (இ) ஒரு கடைநிலைத் தீவகம் என்று. ரொஜர்ஸ் சொன்னது, அந்த விளக்கு பக்கத்து அறைக்கு மட்டும்தான் என்று. கவிதையில் இதை அழகு என்று ரசிப்போம். ஒப்பந்தத்தில் வக்கீலுக்குக் காசு கட்டுவோம்.

வழக்கு சிஆர்டிசியிடம் போனது. கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையம். 2006 ஜூலையில் அவர்கள் நிறுத்தக்குறி விதிகளைக் காட்டி அலியன்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். பத்திரிகைகள் இந்தக் கொமாவின் விலையைக் கணக்குப் போட்டன. ஒன்று பத்து லட்சம் டொலர் என்றது, இன்னொன்று இருபத்தொரு லட்சத்துக்கு மேல் என்றது. ரொஜர்ஸ் விடவில்லை. கென்னத் அடம்ஸ் என்ற ஒப்பந்த மொழி நிபுணரைப் பிடித்து, பெரும்பாலும் கொமாவைப் பற்றியே 69 பக்கத்தில் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். எனக்குத் தெரிந்து ஒரு கொமாவுக்கு இவ்வளவு மரியாதை வேறு எங்கேயும் கிடைக்கவில்லை. (மேயின் மாநிலத்துப் பால் லொறி ஓட்டுநர்களின் வழக்கை நீங்கள் ஞாபகப்படுத்துவீர்கள். 2018 இல் 50 லட்சம் அமெரிக்க டொலரில் சமாதானமானது. ஆனால் அது பட்டியலில் வருகிற கொமா, வேறு ரகம்.)

கடைசியில் ரொஜர்ஸைக் காப்பாற்றினது அந்த 69 பக்கமும் இல்லை. பிரெஞ்சு. இந்த ஒப்பந்தத்தின் மாதிரிப் படிவத்தை ஆணையம் ஏற்கெனவே இரண்டு மொழியிலும் அங்கீகரித்திருந்தது. பிரெஞ்சுப் பிரதியில், முன்னறிவிப்பு நிபந்தனை புதுப்பிப்போடு மட்டுமே ஒட்டி நின்றது. இரண்டு விதமாக வாசிக்க இடமே இல்லை. 2007 ஆகஸ்டில் ஆணையம் தன் முந்தைய விளக்கத்தை மாற்றி, முதல் ஐந்து வருடத்துக்குள் முடிக்க முடியாது என்றது. 2002 உடன் ஐந்தைக் கூட்டிப் பார்த்தால், அந்த முதல் ஐந்து வருடம் முடிகிறதும் அதே 2007 தான். அதை நினைக்கும்போது எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

வேலையில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லாரும் கொமாவைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்குப் பிடித்தது பிரெஞ்சுப் பகுதி. ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த பக், இன்னொரு மொழியில் ஓட்டிப் பார்த்தபோது வெளியே வந்தது. எங்களிடமும் ஒரு இரண்டாவது மொழி இருக்கிறது, இலவசமாக. அந்த ஒப்பந்த வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கோ. மேலே நான் போட்ட துண்டு துண்டான தமிழை ஒருத்தரும் கதைக்கமாட்டினம். சரியான தமிழில் ஒன்றில்,

“ஒப்பந்தம் ஐந்து வருடம் நடக்கும்; அதுக்குப் பிறகு, ஒரு வருட முன்னறிவிப்புக் கொடுத்து யாரும் முடிக்காவிட்டால், ஐந்தைந்து வருடமாகத் தொடரும்” என்று வரும். இல்லாவிட்டால்,

“ஒரு வருட முன்னறிவிப்புக் கொடுத்து யாராவது முடிக்கும் வரைக்கும், ஒப்பந்தம் முதலில் ஐந்து வருடமும் பிறகு ஐந்தைந்து வருடமாகவும் நடக்கும்” என்று வரும்.

நிபந்தனையைக் கடைசியில் தொங்கவிட்டுப் போட்டுப் போகத் தமிழ் சம்மதிக்காது. வினை கடைசியில் வரவேண்டும், நிபந்தனை அதுக்கு முன்னால் வரவேண்டும். அப்போது எதுக்கு முன்னால் எண்டு நீங்கள் தீர்மானித்தே ஆகவேண்டும். இப்போதெல்லாம் எனக்கு வருகிற ஒவ்வொரு கொன்ட்ராக்டிலும் முடிவுறுத்தல் பகுதியை நான் தமிழில் ஒருக்கா சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு எங்கே தடுக்குதோ அங்கே ஏஜென்சிக்கு ஒரு ஈமெயில் போகும்: “இதை இரண்டு வாக்கியமாக எழுதித் தாருங்கள்.” இதுவரைக்கும் ஒருத்தரும் மறுக்கவில்லை.

ஆனால் இது ஒரு வழிப்பாதை. மறுபக்கம் வந்தால், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு, எங்கட மொழி மறைக்கிற விசயம் ஒன்று இருக்கிறது. அதிலதான் நான் ஸ்னாப்ஷொட்டில் விழுந்தேன்.

“கொழும்பில இருக்கிற என்ர தம்பி.” இதில் எத்தனை தம்பி? தெரியாது. “இருக்கிற” எண்ட பெயரெச்சம் தம்பிக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். அது வெயர் கண்டிஷனா கொமென்டா எண்டு தமிழ் குறி போடுவதில்லை. போடத் தேவையும் இருக்கேல்லை, ஏனெண்டால் கேட்கிறவர்களுக்குக் குடும்பம் தெரியும். பிரித்துச் சொல்லத்தான் வேணும் எண்டால் எங்களுக்கு வேறு வழிகள் இருந்தன. பெரியண்ணா, சின்னண்ணா, கடைசித் தம்பி. நாடு விட்டு நாடு போன பிறகு லண்டன் மாமா, பாரிஸ் சித்தி, ஜேர்மன் பெரியப்பா. எங்கட ஒவ்வொரு வீட்டிலும் அகதியாய்ப் போன பாதையே வெயர் கண்டிஷன்.

எழுத்திலும் தமிழுக்குக் கொமா பிறவிச் சொத்து இல்லை. ஓலைச்சுவடியில் இன்றைய நிறுத்தக்குறிகள் இல்லை. அச்சோடும் உரைநடையோடும் வந்து சேர்ந்தவை அவை. தமிழ் உரைநடையில் அவற்றை முறையாகக் கையாண்ட முன்னோடி எண்டு நல்லூர் ஆறுமுக நாவலரைத்தான் பொதுவாகச் சொல்வார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஆக, எங்கட காற்புள்ளியின் வயது பெரிசா இல்லை. அது இன்றைக்கும் பெரும்பாலும் மூச்சுக்கும் பட்டியலுக்கும்தான் வேலை செய்கிறது. எண்ணிக்கை சொல்கிற வேலையை நாங்கள் அதுக்குக் கொடுக்கவில்லை. நான் தமிழ்க் காற்புள்ளியின் பழக்கத்தை ஆங்கில டிக்கெட்டில் போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் நடந்தது.

மைக்ரோசொஃப்ட் வேர்ட் காப்பாற்றும் எண்டு நினைக்க வேண்டாம். “விச்” எண்டு கொமா இல்லாமல் எழுதினால் அது கோடு போட்டு, கொமா போடு, அல்லது “தட்” எண்டு மாற்று எண்டு சொல்லும். இந்த “தட்”, “விச்” பாகுபாட்டை 1926 இல் ஃபௌலர் எண்ட ஆங்கிலேயர் தன்ர புத்தகத்தில் ஆலோசனையாகச் சொன்னார். அமெரிக்கர்கள் அதைச் சட்டமாக்கிப் போட்டார்கள். பிரித்தானிய ஆங்கிலத்தில் கொமா இல்லாத “விச்” இன்றைக்கும் சரிதான், எங்கட அப்பா அம்மா படித்ததும் அந்த ஆங்கிலம்தான். அதனால் அவர்களின் கடிதங்களைத் திருத்தேக்க அவசரப்பட வேண்டாம். வேர்ட் தருகிற இரண்டு தெரிவுக்கும் அர்த்தம் நேர்மாறு. எது உண்மை எண்டு அதுக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பு ஏஐயிடம் “கொழும்பில இருக்கிற என்ர தம்பி” எண்டு குடுத்தாலும் அது ஏதோ ஒன்றைத் தெரிவு செய்யும். எத்தனை தம்பி எண்டு உங்களைத் திருப்பிக் கேட்பது அருமை. இலக்கணம் முழுக்கத் தெரிந்தாலும் கொமா போடேலாத இடம் இது. குடும்பம் தெரிந்திருக்க வேணும்.

அந்தக் கொழும்புத் தம்பி ஒரு உதாரணம் இல்லை. எனக்குப் பதினாலு வயது. அக்காவின் கலியாணத்துக்குக் கொழும்பில் இருந்து மாமாவைக் கூப்பிட வேண்டும். விசாவுக்கு அழைப்புக் கடிதம். வீட்டில் ஆங்கிலம் எழுதுறது நான்தான். உங்களில் கன பேர் அந்த வேலை பார்த்திருப்பீர்கள். எலிங்டன் வீதிப் பக்கம் இருந்த எங்கட அபார்ட்மென்டில், குசினி மேசையில் இருந்து அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மா சொன்னா, “கொழும்பில இருக்கிற என்ர தம்பி, மகளின்ர கலியாணத்துக்கு வர வேணும் எண்டு போடு.” நான் எழுதினேன்: “மை பிரதர், ஹூ லிவ்ஸ் இன் கொழும்பு,…” மூச்சு விட்ட இடத்தில் கொமா. பார்க்கவும் வடிவாக இருந்தது.

கடிதத்தையும் படிவங்களையும் சரிபார்க்க ஒரு தமிழ் அன்ரியிடம் கொண்டுபோனோம். பிளாசா ஒன்றில் இப்படியான கடதாசி வேலை செய்து குடுக்கிறவ. கடிதத்தை வாசித்தா, பிறகு குடும்ப விபரப் படிவத்தைப் பார்த்தா, திரும்பக் கடிதத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்துத்தான் கேட்டா: “தம்பி, கடிதத்தில அம்மாக்கு ஒரு சகோதரன்தான் எண்டு இருக்கு. படிவத்தில ரெண்டு பேர் போட்டிருக்கு. எது சரி?”

ஒரு சகோதரன் எண்டு நான் எங்கேயும் எழுதவில்லை எண்டு வாதாடினேன். அவ பேனையால் கொமாவைத் தட்டிக் காட்டினா. “இது எழுதியிருக்கு.”

அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்காவிட்டாலும் எதைப் பற்றிக் கதைக்கிறோம் எண்டு விளங்கிவிட்டது. படிவத்தில் இரண்டாவது தம்பிக்குப் பக்கத்தில் முகவரி இல்லை. 1990 இல் வீட்டை விட்டுப் போனவர், பிறகு ஒரு தகவலும் இல்லை. “இறந்துவிட்டார்” எண்ட பெட்டியில் புள்ளடி போட அம்மா ஒருநாளும் விட்டதில்லை. ஒவ்வொரு படிவத்திலும் அவருடைய பெயர் வரும், முகவரி வெறுமையா இருக்கும். எங்கட வீட்டில் அது ஒரு விதி. நான் அந்த விதியைக் கொமா போட்டு மீறியிருந்தேன், எனக்கே தெரியாமல்.

கொமாக்களை எடுத்துவிட்டால் போதும் எண்டு அன்ரி சொன்னா. “மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் கொழும்பு” எண்டு ஓட்டமாக எழுதினால் வேறொருத்தரும் இருக்கிறார் எண்டு தானே வரும், இலக்கணப்படி சரி. அம்மா அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டா. கேட்டுப்போட்டு, “அப்பிடி மறைச்சு வேண்டாம். ரெண்டு பேர் எண்டு எழுது,” எண்டா.

அதனால் கடிதம் கடைசியில் இப்படிப் போனது: “ஐ ஹாவ் டூ யங்கர் பிரதர்ஸ். ஒன் ஒஃப் தெம் லிவ்ஸ் இன் கொழும்பு.” மற்றவரைப் பற்றி அதுக்கு மேல் எழுதச் சொல்லவில்லை. கொழும்பு மாமாவுக்கு விசா கிடைத்தது, கலியாணத்துக்கு வந்தார், மூன்று கிழமை எங்களோடு நிண்டார்.

ஸ்னாப்ஷொட் டிக்கெட்டை எழுதேக்க இது ஏன் எனக்கு ஞாபகம் வரேல்லை எண்டு கேட்காதீங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணி.

உங்கட வீட்டில், சின்ன வயதில் நீங்கள் அம்மா அப்பாவுக்காக எழுதின கடிதங்களின் பிரதி ஏதும் இருந்தால் எடுத்துப் பாருங்கோ. பெயர், முகவரி எல்லாத்தையும் மறைச்சுப்போட்டு, அந்த வாக்கியத்தை மட்டும் எங்களுக்கு அனுப்பலாம். அடுத்த எபிசோட்டில் பாஸ்வேர்ட் மனேஜர்களைப் பற்றிக் கதைக்கிறோம். முடிவில் பத்து நிமிசம் இதுக்கு ஒதுக்கி வைச்சிருக்கிறேன்.